கலத்தினுள் மருந்து புகும் வழி

நோய் தீர்க்கும் பொருளைக் கண்டறிதல் ஒன்று. அதனை நோயுற்ற இடத்திற் கொண்டு சேர்த்தல் மற்றொன்று. முன்னதிற் பெருவெற்றி கண்ட அறிஞர், பின்னதில் இன்னும் முயன்றுகொண்டேயிருக்கின்றனர். அம்முயற்சிகளுள் ஒன்றாகிய கலம்புகு பெப்தைட்டைப் பற்றி மாணாக்கர் விளங்குமாறு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் உடலிலுள்ள ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்துள்ளது. அதன் கொழுப்புப் படையின் தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றரே. நாம் எழுதும் தாளொன்றின் தடிப்பை 20,000 கூறிட்டால் ஒரு கூறு அவ்வளவினதாகும். இத்துணை மெல்லியதாயினும் அது காவல் மிக்க மதில் போன்றது. கொழுப்பிற் கரையும் சிறு மூலக்கூறுகளை உள்ளே விடும். புரதம் போன்ற பெரியவற்றைத் தடுத்து நிறுத்தும். நாம் விழுங்கும் மருந்துகளுட் பெரும்பாலானவை 500 தாற்றனுக்கு உட்பட்ட சிறு மூலக்கூறுகளாயிருத்தற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அமினோ அமிலங்கள் பல சங்கிலிபோற் கோக்கப்பட்டது புரதம். அச்சங்கிலி குறுகியதாயின் அது பெப்தைட்டு எனப்படும். 1988 ஆம் ஆண்டில், பிராங்கல், பேபோ ஆகிய இருவரும், கிறீன், லோவன்சிற்றைன் ஆகிய இருவரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரு புதுமையைக் கண்டனர். எச்.ஐ.வி. வைரசின் 'டாற்' என்னும் புரதம், வெளியிலிருந்து தானாகவே கலத்தினுட் புகுந்தது. 1994 இல் பாரிசு நகரில் புறொக்கியான்சு என்பாரின் குழுவினர், பழ ஈயின் புரதமொன்றில் 16 அமினோ அமிலங்களைக் கொண்ட சிறு பகுதியே அவ்வாறு புகவல்லது எனக் காட்டினர். டாற் புரதத்திலோ 11 அமினோ அமிலங்களே போதுமாயின. அவற்றுள் ஆறு ஆர்ஜினின், இரண்டு லைசின். இவ்விரண்டும் நேரேற்றமுடையன, கலத்தின் மேற்பரப்போ மறையேற்றம் மிக்கது. ஆதலின் ஒன்றையொன்று ஈர்த்தல் இயல்பேயாம்.

இத்தகைய பெப்தைட்டுடன் மருந்தைப் பிணைத்தால் அதுவும் உடன்செல்லும். 1999 இல் டௌடி என்பாரின் குழுவினர், ஏறத்தாழ 1,20,000 தாற்றன் நிறையுள்ள நொதியமொன்றை இம்முறையால் எலிகளின் உடலிற் செலுத்தினர். அது மூளை உட்படப் பல உறுப்புக்களிலும் காணப்பட்டதென அறிவித்தனர்.

எனினும் 2003 இல் ஒரு திருத்தம் வந்தது. பிரான்சில் லெபுளூ என்பாரின் குழுவினர், முன்னைய சோதனைகளிற் கலங்களை நுணுக்குக்காட்டிக்காகப் பதப்படுத்திய முறையே பெப்தைட்டு உட்பரந்ததுபோன்ற தோற்றத்தைத் தந்ததெனக் காட்டினர். உயிருள்ள கலங்களை நோக்கியபோது, பெப்தைட்டின் பெரும்பகுதி சவ்வு உட்குழிந்து உண்டாக்கும் சிறுபைகளுக்குள் அடைபட்டிருந்தது. டாற் பெப்தைட்டை ஆராய்வதில் முன்னின்றவர்களே இதனை வெளியிட்டமை போற்றத்தக்கது. மாளிகையின் வாயிலைக் கடந்தவன் முன்கூடத்திற் பூட்டப்பட்டாற்போல, மருந்து புகுந்தும் பயன்படாதுபோதல் கூடும். அப்பையினின்று அதனை விடுவித்தலே இத்துறையின் பெருஞ்சிக்கலாகும்.

மற்றொரு சிக்கல் பாதுகாப்பு. எக்கலத்தினுள்ளும் புகுவது நோயற்ற கலத்தினுள்ளும் புகும். புற்றுநோய்க் கலத்தைக் கொல்லும் நஞ்சு நல்ல கலத்தையும் கொல்லுமன்றோ? அன்றியும், நேரேற்றம் மிக்க பெப்தைட்டு அளவு மிகுந்தால் சவ்வையே சிதைத்தலும் உண்டு. இதற்கு 2004 இல் ரொஜர் சியென் என்பாரின் குழுவினர் ஓர் உபாயம் கண்டனர். பெப்தைட்டின் நேரேற்றத்தை மறையேற்றமுள்ள வேறொரு சங்கிலியால் மறைத்தனர். இரண்டையும் இணைக்கும் துண்டை, கட்டிகளில் மிகுதியாகச் சுரக்கும் நொதியங்கள் வெட்டவல்லன. உறையிலிட்ட வாள் பகைவன் முன்னிலையில் மாத்திரம் உருவப்படுவது போல, நோயுள்ள இடத்தை அடைந்த பின்னரே பெப்தைட்டு தன் ஆற்றலைக் காட்டும்.

நோயாளரிடத்துச் செய்த சோதனையொன்றையும் அறிதல் வேண்டும். டாற் பெப்தைட்டுடன் இணைந்த நெரினெற்றைட்டு என்னும் மருந்து, பாரிசவாதத்தால் மூளைக் கலங்கள் அழியாது காத்தற்பொருட்டு 1,105 நோயாளரை உட்படுத்திய ஆய்வில் ஆராயப்பட்டது. 2020 இல் வெளிவந்த முடிவின்படி, மொத்தத்தில் அது பயன்தரவில்லை. குருதிக்கட்டியைக் கரைக்கும் அல்ரிப்பிளேசு என்னும் மருந்தையும் பெற்றோரின் குருதியில் இதன் செறிவு குறைந்திருந்தது. அம்மருந்து தூண்டும் பிளாசுமின் என்னும் நொதியம் பெப்தைட்டை வெட்டிவிடுவதே அதற்குக் காரணம் எனக் கொள்ளப்பட்டது. ஒரு மருந்து மற்றொன்றின் வழியை அடைத்தமை இங்கே நாம் கற்கும் பாடம்.

நோயாளி, நோய், காலம் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டுமென்பது திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய 'மருந்து' கூறும் அறிவுரைகளுள் ஒன்று. இன்றைய ஆராய்ச்சியாளர் இவற்றோடு இடத்தையும் சேர்த்து ஆராய்கின்றனர் எனலாம். 'புகு பெப்தைட்டு' என்பது வினைத்தொகை, முக்காலத்திற்கும் உரியது. இறந்தகாலத்தில் நிகழ்ந்த கண்டுபிடிப்பை எதிர்காலத்து மருந்தாக்கும் பணி நிகழ்காலத்து இளைஞருடையதாகும். விஞ்ஞானம் பயிலும் நம் மாணாக்கர், தாம் கண்டதைத் தாமே மீண்டும் சோதிக்கும் நெஞ்சுரத்தையும் உடன் பயில்வாராக.