செவ்வாய்க் கிரகத்திற் பறத்தல்

செவ்வாய்க் கிரகத்தில் பொருள்களின் எடை பூமியிலிருப்பதினும் மிகக் குறைவு. ஆதலின் அங்கே விமானஞ் செலுத்துதல் எளிதேயாம் என நண்பர் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். இஃது ஆராயாக் கூற்று. இங்கே 100 கிலோகிராம் நிறுக்கும் பொருள் அங்கே 38 கிலோகிராம் நிறுக்குமளவே இழுக்கப்படும் என்பது மெய்யே. ஆயினும் பறப்பதைத் தாங்குவது காற்றன்றோ? அக்காற்று அங்கே மிக அருகியுளது.

செவ்வாயின் வாயு மண்டலத்தில் 100-க்கு 95 பங்கு கரியமிலவாயு. அதன் அழுத்தம் நம் கடற்கரையிலுள்ள காற்றழுத்தத்தில் 100-இல் ஒரு பங்கிற்குங் குறைவு. கரியமிலவாயு கனமுடையதாகலானும், கடுங்குளிரால் வாயு சுருங்குமாகலானும், அடர்த்தி மட்டுஞ் சற்றுத் தேறி ஏறக்குறைய 70-இல் ஒரு பங்காய் நிற்கின்றது. பூமியில் இத்துணை மெல்லிய காற்றைக் காண விழைவோர் 30 கிலோமீட்டர் உயரஞ் செல்லல் வேண்டும். மனிதரை ஏற்றிய ஹெலிகாப்டர் எதுவும் அதிற் பாதி உயரமும் எட்டியதில்லை.

சிறகின் தூக்கு விசை காற்றின் அடர்த்தியையும், வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அடர்த்தி 70-இல் ஒன்றாகவும் எடை 100-இல் 38 ஆகவுங் குறையின், வேகத்தின் வர்க்கம் 26 மடங்கிற்கு மேலாகவும், வேகம் ஐந்து மடங்காகவும் பெருகல் வேண்டும். இங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடி எழும் சிறு விமானம் அங்கே 500 கிலோமீட்டர் ஓடியே எழும். அவ்வேகத்திலேயே இறங்கவும் வேண்டும். பாறை மலிந்த அந்நிலத்தில் அதற்கு ஓடுபாதை அமைத்தார் யாவர்?

ஆகவே நின்றவிடத்தினின்றே எழும் ஹெலிகாப்டரை அறிஞர் நாடினர். ஆண்டும் ஓர் இடர் உண்டு. செவ்வாயில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 240 மீட்டரே, இங்கோ 340. சுழலும் இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குமாயின் எதிர்ப்பு மிகுந்து தூக்கு விசை கெடும். விரைந்து சுழல்க என்று மெல்லிய காற்று ஏவ, விரையற்க என்று ஒலி தடுக்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியிலேயே 'இன்ஜெனுவிட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டர் அமைக்கப்பட்டது. அதன் நிறை 1.8 கிலோகிராம், ஒன்றன்மேல் ஒன்றாய் எதிரெதிராகச் சுழலும் இரு சுழலிகளின் விட்டம் 1.2 மீட்டர்; சுற்று நிமிஷத்திற்கு 2,500 அளவு. அப்போது நுனியின் வேகம் ஒலியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

அதனை அடக்கியாளுதலும் அரிதாயிற்று. நம் காற்று இறக்கையின் துடிப்பைத் தானே தணிக்கும். செவ்வாயின் காற்றுக்கு அவ்வாற்றல் இல்லை. எனவே நுரைப்பொருளின்மேல் கரியிழை போர்த்து, வளையாத வன்மையுடைய இறக்கைகளைச் செய்தனர். காற்றை அகற்றிக் கரியமிலவாயு நிரப்பிய பெருங்கூடத்தில் முதற்கண் ஒரு சிறு மாதிரியை மனிதர் கையாற் செலுத்திப் பார்த்தபோது, அஃது எழுந்ததேயன்றி ஏவலுக்கு அடங்கவில்லை. கணிப்பொறியே செலுத்துதல் வேண்டுமென்பது அதனால் தெளிவாயிற்று. பூமியிலிருந்து செய்தி சென்றடையப் பல நிமிஷங்களாகுமாதலின், வேறு வழியும் இல்லை. இம்முயற்சியின் தலைமைப் பொறியியலாளர் பாப் பலராம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்றவர் என்பது நமக்கு உவகை தருவதொன்று.

2021-ஆம் ஆண்டு ஏப்பிரல் 19-ஆம் நாள், ஜெஸெரோ என்னும் வட்டப் பெரும்பள்ளத்தில், அது 3 மீட்டர் எழுந்து, 39 விநாடி பறந்து இறங்கிற்று. ரைட் சகோதரர் 1903-இற் பறக்கவிட்ட விமானத்தின் துணித்துண்டொன்று அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது. ஐந்து முறை பறத்தற்கே திட்டமிட்டனர்; பறந்ததோ 72 முறை. கடந்த தொலைவு 17 கிலோமீட்டர். பெற்ற உயரம் 24 மீட்டர். செவ்வாயின் வாயு துருவங்களில் உறைந்து காற்று இன்னும் மெலியும் பருவத்திலும், சுழற்சியை 2,700-க்கு உயர்த்திப் பறந்தது.

நிற்க. அதன் வழியறிவு கீழ்நோக்கிய ஒரு காமிராவை நம்பியது. விநாடிக்கு 30 படம் எடுத்து, தரையிலுள்ள கற்களும் மேடுகளும் நகருமாற்றைக் கண்டு தன் வேகத்தை அது கணிக்கும். ஆறாம் பறத்தலில் ஒரே ஒரு படம் தவறியது. பின்வந்த படங்களின் காலக்குறிப்பு யாவும் பிழைபட, ஊஞ்சலென முன்னும் பின்னும் ஆடி, குறித்த இடத்திற்கு 5 மீட்டருக்குள் எப்படியோ இறங்கிற்று.

2024-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் நடந்த 72-ஆம் பறத்தலில் அது தப்பவில்லை. அங்கே தரை எங்கணும் அலையலையாய் மணல். அடையாளமாகக் கொள்ளத்தக்க கல்லொன்றும் போதியவாறு இல்லை. தன் வேகத்தை அறியாமல் பக்கவாட்டில் விரைந்திறங்கி மணற்சரிவில் மோத, இறக்கைகள் முறிந்தன. மெல்லிய காற்று மூன்றாண்டுக் காலம் செய்ய மாட்டாததை, வெறும் மணல் ஒரு நொடியிற் செய்துவிட்டது. இனி ஆறு சுழலிகளுடன், ஆராய்ச்சிக் கருவிகளையும் சுமந்து பறக்கத்தக்க பெரியதொன்றை அவ்வறிஞர் கருதி வருகின்றனர்.