கீறல் விழுந்த கடிகாரக் கண்ணாடி

மறைந்த என் பாட்டனாரின் கைக்கடிகாரம் சென்ற விடுமுறையில் என் கைக்கு வந்தது. ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியாரின் துணையோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழில் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தாரின் 'ஜனதா' என்னும் வகையினது அது. நாள்தோறும் கையாற் சாவி கொடுத்தல் வேண்டும். முள்கள் செவ்வனே ஓடின. ஆயினும் மேற்கண்ணாடி முழுதும் கீறல் மலிந்து, மணி பார்ப்பதே அரிதாயிற்று. கடைக்காரர் ஒருவர், "பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடலாம், தம்பி" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கண்ணாடி என்று வழங்கினும் அஃது உண்மையிற் கண்ணாடியன்று. அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். ஜெர்மனியில் 1933-இல் பிளெக்சிகிளாஸ் என்று பெயர் பதியப்பெற்ற பொருளும் இதுவே. நகத்தால் தட்டினால் மந்தமான ஓசை எழும்; மெய்க்கண்ணாடியோ 'கிண்' என்னும். இவ்வேறுபாட்டை முதலில் அறிதல் இன்றியமையாதது. மெய்க்கண்ணாடியிலும், மோஸ் அளவையில் 9 என்னும் வன்மை கொண்ட செயற்கை நீலக்கல்லிலும் விழுந்த கீறலை வீட்டிலிருந்தே போக்குதல் எளிதன்று, மாற்றுதலே வழி. அக்ரிலிக்கோ மென்மையால் எளிதிற் கீறப்படும். அம்மென்மையாலேயே எளிதில் மெருகும் ஏறும். 1969-இல் நிலவுக்குச் சென்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரங்கள் தாங்கியதும் இவ்வினப் பிளாஸ்டிக்கே. அடிபட்டாற் கூரிய சில்லுகளாய்ச் சிதறாது என்பது அதன் சிறப்பு.

இனிச் செய்முறை. கண்ணாடியைச் சூழ்ந்த உலோக விளிம்பை ஒட்டுநாடாவால் மூடுக. யான் முதன்முறை இதனை மறந்து, விளிம்பின் பளபளப்பை ஒருபுறம் கெடுத்துக்கொண்டேன். அவ்வடு இன்றும் உண்டு. மெல்லிய கீறலாயின், மென்துணியிற் சிறிது பற்பசை தொட்டுச் சில நிமிடம் வட்டமாய்த் தேய்த்தாலே போதும். பற்பசையிலுள்ள நுண்துகள்களே மேற்பரப்பை இழைப்பன. ஆழ்ந்த கீறலாயின் 1000, 1500, 2000 எண்ணுடைய வாட்டர் பேப்பர்களை அம்முறையே இலேசாக ஈரமாக்கித் தேய்த்தல் வேண்டும். அப்போது கண்ணாடி முழுதும் பால்போல் வெளுக்கும். அஞ்சற்க, பசையிட்டு மெருகேற்றத் தெளியும். நீர் உட்புகாமற் காத்தல் வேண்டும். பழங்கடிகாரங்கள் நீரைத் தடுக்கும் என்று நம்பற்க. ஸ்பிரிட்டாற் துடைத்தலும் ஆகாது. அக்ரிலிக்கில் நுண்வெடிப்புகள் தோன்றும்.

வெடிப்புக் கண்டுவிட்டாலோ, மாற்றவே வேண்டும். விளிம்பின் பள்ளத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அதனினும் ஒரு மயிரிழை பெரிய கண்ணாடியைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். பல விரல் கொண்ட பிடிகருவி கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிலும் இறுக்க, அது சற்றே குறுகும். பள்ளத்தில் வைத்துத் தளர்த்தியதும் விரிந்து தானே பற்றிக்கொள்ளும். இவ்வகைக்குப் பசை வேண்டா. வேகமாய் ஒட்டும் பசையை அவசரத்திற் பூசுவோரும் உளர். அதன் ஆவி உட்புறத்தே வெண்மையாய்ப் படிந்துவிடும்.

அவ்வளவுக்கு என் கடிகாரம் போகவில்லை. ஒரு மாலைப்பொழுதில் எண்கள் யாவும் தெளிவுற்றன. நான்காம் மணியருகே மட்டும் ஓர் ஆழ்ந்த கோடு எஞ்சியது. அதனையும் இழைத்தால் அவ்விடம் மெலிந்துபோம் என்று விட்டுவிட்டேன். பாட்டியாரிடம் காட்டினேன். முள்ளைப் பாராது அக்கோட்டையே விரலால் தடவி, "இது கிணற்றுச் சுவரில் உரைஞ்சினது. அன்றைக்கு முழுதும் அவர் யாரோடும் பேசவில்லை" என்றார்.