செயினைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்

"செயின் லூஸா இருக்குண்ணா, நல்லா டைட் வெச்சுடுங்க." வண்டியை மெக்கானிக்கிடம் விடும்போது நம்மில் பலர் சொல்வது இதுதான். அவரும் வைத்துக் கொடுக்கிறார். செயின் கவரில் அடிக்கும் சத்தம் நின்றுவிடுகிறது, நமக்கும் திருப்தி. ஆனால் தேவைக்கு மேல் இறுகிய செயின், கொஞ்சம் தளர்ந்த செயினைவிடப் பெரிய செலவு வைக்கும். எவ்வளவு தளர்வு வேண்டும் என்பதை அளந்து வைக்க ஒரு ஸ்கேலும் நாலு ஸ்பேனரும் போதும். வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

ஸ்பிளெண்டர், ஷைன், பிளாட்டினா, பல்சர் 150 மாதிரி, பின்னால் டிரம் பிரேக்கும் சென்டர் ஸ்டாண்டும் உள்ள வண்டிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பின்னால் டிஸ்க் உள்ளவர்கள் பிரேக் ராடு பற்றிய பகுதியை விட்டுவிடலாம்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: ரிங் ஸ்பேனர்கள், ஸ்டீல் ஸ்கேல், பழைய டூத் பிரஷ், ஒரு கிண்ணம் மண்ணெண்ணெய், கைநிறைய பனியன் வேஸ்ட், 90 நம்பர் கியர் ஆயில். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். பெட்ரோல் வேண்டாம். சட்டென்று தீப்பிடிக்கும் என்பதோடு, ஓ-ரிங் செயினாக இருந்தால் அதன் ரப்பரையும் கெடுக்கும். தகடுகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் உங்களுடையது ஓ-ரிங் செயின். அதில் கம்பி பிரஷ்ஷும் படக்கூடாது.

வேலையைத் தொடங்கும் முன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பதைச் சில இடங்களில் பார்க்கலாம். துணி ஒரு பல்லில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது, விரல் போய்விடும். நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும், அதுவும் பின்னோக்கி. பின்னோக்கிச் சுற்றும்போது கீழ்ப்பக்கச் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு விலகிப் போகும், விரலை உள்ளே இழுக்காது.

சுத்தம் செய்வது எளிது. மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் நாலு பக்கமும் தேய்த்து, வேஸ்ட்டால் துடைத்து, காயவிடுங்கள். டயரில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகடுகளின் இடுக்கில் கறுப்பு அழுக்கு இருந்தால் அது வெறும் தூசியும் ஆயிலும்தான். செங்கல் பொடி நிறத்தில் ஏதாவது கசிந்து ஒட்டியிருந்தால், உள்ளே பின் ஆயில் இல்லாமல் காய்ந்து, இரும்பும் இரும்பும் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கண்ணியை விரலால் மடக்கிப் பாருங்கள், பெரும்பாலும் விறைப்பாக இருக்கும்.

ஆயிலைச் செயினின் வெளிப்பக்கத்தில் ஊற்றுவதில் பயனில்லை. சக்கரம் சுற்றும் வேகத்தில் அது சிதறி ரிம்மில் அப்பிக்கொள்ளும். கீழ்ப்பக்கச் செயினின் உள்முகத்தில், தகடும் தகடும் சேரும் விளிம்புகளில், இரு புறமும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுற்றும்போது அதே வேகம் ஆயிலைப் பின்னுக்குள் தள்ளும். வண்டி ஓட்டி வந்த சூட்டோடு செய்தால் நன்றாக இறங்கும். அரை மணி நேரம் விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மெக்கானிக் கடையில் கிடைக்கும் கழிவு என்ஜின் ஆயிலை விடும் பழக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன். அதில் இருக்கும் இரும்புத் துகளே செயினை அரிக்கும். திறந்த செயின் உள்ள வண்டிக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மழையில் நனைந்த மறுநாளும் ஆயில் விட வேண்டும். ஸ்பிளெண்டர் மாதிரி முழுக் கவர் உள்ள வண்டிக்கு இந்த அவசரம் இல்லை.

தளர்வை அளப்பது

சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் பின் சக்கரம் தொங்குகிறது. ஸ்டாண்டிலிருந்து இறக்கி நீங்கள் உட்கார்ந்ததும் அது மேலே ஏறுகிறது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் முன்முனைப் போல்ட், பின் ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் இடத்தில்தான் முன் பின் ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு நடுவிலான தூரம் அதிகம். அங்கே செயினும் அதிகமாக இழுபடும். நிற்கும்போதே விறைப்பாக வைத்த செயின், இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் ஷாஃப்டையே இழுக்கிறது. முதலில் அந்த ஷாஃப்டின் ஆயில் சீல் கசியும், பிறகு பேரிங் போகும். சில நூறு ரூபாய்ச் செயினோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் என்ஜினைப் பிரிப்பதில் போய் நிற்கும். மிகவும் தளர்ந்த செயினும் ஆபத்துதான், கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். அதனால்தான் கையால் தட்டிப் பார்த்து முடிவு செய்யாமல் அளக்கச் சொல்கிறேன்.

கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். செயினை விரலால் மேலே தள்ளி ஓர் அளவு, கீழே இழுத்து ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தளர்வு. இந்த ரக வண்டிகள் பலவற்றுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர்வரை இருக்க வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி; எந்த ஸ்டாண்டில் வைத்து அளப்பது என்பதையும் அதிலேயே பாருங்கள். முழுக் கவர் உள்ள வண்டியில் கவரின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் செயின் தெரியும்.

ஒரே இடத்தில் அளந்து நிறுத்திவிடக் கூடாது. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. சக்கரத்தைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி அளந்துகொண்டே வாருங்கள். எங்கே தளர்வு மிகக் குறைவோ, அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். நான் பார்த்தவரை வீட்டில் செய்பவர்கள் தவறவிடும் படி இதுதான்.

இறுக்குவது

பிரேக் ராடின் நட்டைச் சில சுற்று தளர்த்துங்கள். ஆக்சில் நட்டில் காட்டர் பின் இருந்தால் கழற்றிவிட்டு நட்டையும் தளர்த்துங்கள். ஸ்பிளெண்டர் ரகத்தில் செயின் பக்கம் இன்னொரு பெரிய ஸ்லீவ் நட் உண்டு, அதையும் தளர்த்தாவிட்டால் சக்கரம் நகராது. இனி இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டர் நட்டுகளைக் கால் சுற்று வீதம் சமமாகத் திருகுங்கள். ஸ்விங் ஆர்மில் கோடுகள் பொறித்திருக்கும். இடது பக்கம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ வலது பக்கமும் அதே கோட்டில் நிற்க வேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குள் நேராகப் போவது தெரிய வேண்டும்.

சக்கரத்தைக் காலால் முன்னே தள்ளிப் பிடித்தபடி ஆக்சில் நட்டை நன்றாக முறுக்குங்கள், ஸ்லீவ் நட்டையும் மறக்காமல். முறுக்கியதும் மறுபடி அளங்கள். பெரும்பாலும் சற்றே மாறியிருக்கும். காட்டர் பின் புதிதாகவே போடுங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வழக்கமாக உங்கள் பின்னால் உட்காருபவரோடு உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரைச் செயினைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கொஞ்சம் ஆட வேண்டும்.

சக்கரம் பின்னே போனதால் பிரேக் ராடு இழுபட்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் பிரேக் பிடித்தபடியே ஓடி டிரம் சூடாகும். பெடலை அழுத்தும்போது முதலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வெறுமனே இறங்கி, அதன் பிறகு பிடிக்கும்படி நட்டை வையுங்கள். சக்கரத்தைச் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மாற்ற வேண்டிய நேரம்

தகட்டில் 428 என்று பொறித்த செயினில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீட்டர். செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை, பின்னின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் புதிதில் 254 மில்லிமீட்டர் வரும். 259ஐத் தொட்டுவிட்டால் அது முடிந்த செயின், இனி இறுக்கிப் பயனில்லை. ஸ்ப்ராக்கெட் பற்களின் நுனி அரிவாள் மூக்கு மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தாலும் அதே முடிவுதான். செயினை மட்டும் மாற்றினால், தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாகவே வாங்குங்கள். நல்ல செயின் தேடி நாம் அதிகம் அலைய வேண்டியதில்லை. ரோலான் கோவையின் எல்.ஜி.பி. நிறுவனத்துடையது, டைமண்ட் சென்னையின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்துடையது. போலியும் புழங்குகிறது என்பதால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். செயின் லாக்கைப் போடும்போது கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

செட் மாற்றும்போது முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டலாமா என்று பலருக்கும் ஆசை வரும். 14 பல்லுக்குப் பின்னால் 42 இருந்தால் விகிதம் 3. முன்னால் 15 போட்டால் 2.8. அதே வேகத்தில் என்ஜின் சுற்று சுமார் 7 சதவீதம் குறையும், நெடுஞ்சாலையில் வண்டி அமைதியாக ஓடும். இழுவையும் அதே அளவு குறையும். தினமும் இருவர் ஏறி நகர நெரிசலில் ஓட்டுகிற 100 சிசி வண்டிக்கு இதை நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் தனியாக, நீண்ட தூரம் ஓட்டுபவருக்குப் பொருந்தும். உங்கள் மாடலில் ஸ்பீடோமீட்டருக்கான சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால் மீட்டர் குறைவான வேகத்தைக் காட்டும், முன் சக்கரத்தில் இருந்தால் மாற்றமில்லை. கவருக்குள் பெரிய ஸ்ப்ராக்கெட் உரசாமல் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பல் கூடினால் அதே செயினுக்குப் பின் சக்கரம் சுமார் 3 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டியிருக்கும். அதனால் தளர்வையும் பிரேக்கையும் முதலிலிருந்து அளந்து வைத்து, முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள்.