நீதிமன்றம் ஏறாமலே நியாயம் பெறலாம்

“வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான்” என்று நம் முதியோர் கூறுவார்கள். வழக்கறிஞர் கட்டணம், பயணச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பள இழப்பு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், கிடைக்கும் தொகையைவிடச் செலவே மிகுந்துவிடும் என்ற அச்சத்தில் பிறந்த சொல் அது. இந்த அச்சத்தினாலேயே தோட்டப்புறங்களில் வாழும் நம் மக்களுள் பலர், தவறான கட்டணச் சீட்டு வந்தாலும் மனத்துக்குள் குமைந்தவாறே பணத்தைக் கட்டிவிடுகின்றனர். காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுத்தாலும், ‘நம் தலைவிதி’ என்று வாளாவிருந்து விடுகின்றனர்.

அவ்வாறு இருந்துவிட வேண்டிய தேவை இல்லை. இத்தகைய தகராறுகளை நீதிமன்றத்திற்கு வெளியே தீர்த்து வைப்பதற்கென்றே நம் நாட்டில் பல அமைப்புகள் இயங்கி வருகின்றன. அங்கெல்லாம் வழக்கறிஞர் இல்லாமலே நம் குறையை நாமே எடுத்துரைக்கலாம். செலவும் மிகச் சிறிது. சில இடங்களில் செலவே இல்லை. ஆயினும் ஒவ்வொரு வகைத் தகராறுக்கும் தனித்தனிக் கதவு உண்டு. அக்கதவு திறந்திருப்பதற்கும் ஒரு கால வரம்பு உண்டு. எந்தக் கதவை எப்போது தட்டுவது என்பதை அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்படி எழுத்தில் இருக்கட்டும்

எந்தத் தகராறாயினும் முதலில் சம்பந்தப்பட்ட நிறுவனத்திடமே முறையிட வேண்டும். அதையும் எழுத்து மூலமாகச் செய்தல் வேண்டும். முகப்பில் நின்று உரத்துப் பேசிவிட்டு வருவதும், தொலைபேசியில் ஒரு மணி நேரம் வாதாடுவதும் பிறகு சான்றாக நிற்கமாட்டா. ஒரு பக்கக் கடிதம் போதும். நம் பெயர், கணக்கு எண் அல்லது காப்புறுதிப் பத்திர எண், நடந்தது என்ன, எந்தத் தேதியில் நடந்தது, நாம் கேட்பது என்ன ஆகிய ஐந்தும் அதில் தெளிவாக இருந்தால் போதுமானது. மலாய் மொழியில் எழுத இயலாதவர்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் உதவியையோ, தோட்டத்துக் கிராணியின் உதவியையோ, தொழிற்சங்கத் தோழர்களின் உதவியையோ நாடலாம்.

கடிதத்தின் நகல் ஒன்றை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு அஞ்சலில் அனுப்பினால் அந்தச் சீட்டையும், நேரில் கொடுத்தால் நகலின்மீது பெற்ற முத்திரையையும், கைப்பேசி வழி அனுப்பினால் அந்தச் செய்தியையும் அழியாமல் காக்க வேண்டும். மேல் அமைப்புகள் யாவும் முதலில் கேட்கும் கேள்வி, “நிறுவனத்திடம் முறையிட்டீர்களா? அவர்கள் என்ன பதில் கொடுத்தார்கள்?” என்பதே.

கடைச்சரக்கும் பழுது பார்ப்பும்

வாங்கிய குளிர்பதனப் பெட்டி ஒரே மாதத்தில் பழுதாகிறது, கடைக்காரர் கைவிரிக்கிறார். மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்தால், விலை பேசாத வேலைக்கெல்லாம் சேர்த்துப் பெருந்தொகைக்குச் சீட்டு நீட்டப்படுகிறது. திருமணத்திற்கு முன்பணம் பெற்ற புகைப்படக்காரர் வராமலே போய்விடுகிறார். இவற்றுக்கெல்லாம் உரிய இடம் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் ஆகும்.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இத்தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் 10,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மட்டுமே விசாரித்தது. அவ்வரம்பு 2003இல் 25,000 ரிங்கிட்டாகவும், 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழி 50,000 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. கோரிக்கையைப் பதிவு செய்யும் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால், எதிர்த்தரப்பினர் பதில் கூறுமாறு அழைக்கப்படுவர். இரு தரப்பினரும் வழக்கறிஞரை வைத்து வாதாட இயலாது. ஆகவே, பணபலம் மிக்க நிறுவனமும் சாதாரணத் தொழிலாளியும் அங்கே ஒரே மேசையில் சரிசமமாக அமர்கின்றனர்.

விலை முன்கூட்டியே பேசப்படாத சேவைக்கு நியாயமான விலைக்கு மேல் கொடுக்கப் பயனீட்டாளர் கடமைப்பட்டவர் அல்லர் என்று அச்சட்டம் கூறுகிறது. பழுது பார்க்கும் கடைகளில் நேரும் தகராறுகளில் இது நமக்குப் பெருந்துணை. தீர்ப்பு வந்தபின் 14 நாட்களுக்குள் அதற்கு இணங்காதிருப்பது குற்றமாகும். எனினும் தகராறு எழுந்து மூன்றாண்டுகள் கடந்துவிட்டால் தீர்ப்பாயம் அதனை ஏற்காது. தொழில் நடத்துவதற்காக வாங்கிய பொருளும், உடற்காயத்திற்கான இழப்பீடும் அதன் எல்லைக்கு வெளியே நிற்பவை.

மின்சாரம், நீர், தொலைபேசி

வழக்கமாக 60 ரிங்கிட் வரும் மின்கட்டணம் திடீரென 400 ரிங்கிட்டாக வந்தால், முதலில் மின்னளவியில் உள்ள எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அளவியைப் படிக்காமல் மதிப்பீடாகப் போடப்பட்ட சீட்டாகவும் அது இருக்கலாம். மின்னளவியைக் கைப்பேசியில் படம் எடுத்து, நிறுவனத்திற்கு எழுதுவது நலம். அங்குத் தீராவிட்டால், தீபகற்ப மலேசியாவில் மின்சாரத்திற்கு எரிசக்தி ஆணையத்தையும், நீருக்குத் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தையும், தொலைபேசி, இணையக் கட்டணங்களுக்குத் தொடர்பு பல்லூடக ஆணையத்தையும் அணுகலாம்.

தனியார் மருத்துவமனைக் கட்டணம்

தனியார் மருத்துவமனைச் சீட்டில் மொத்தத் தொகையைக் கண்டதும் மலைத்துப் போகின்றோம். எதற்கு எவ்வளவு என்ற விவரச் சீட்டைக் கேட்டுப் பெறுவதே முதற்கடமை. இதில் ஓர் உண்மையை அறிந்திருக்க வேண்டும். மருத்துவரின் தொழிற்கட்டணத்திற்கு 2006ஆம் ஆண்டின் விதிமுறைகள் உச்சவரம்பு வகுத்துள்ளன. அறை வாடகை, மருந்து, கட்டுத்துணி முதலியவற்றுக்கு அந்த அட்டவணை பொருந்தாது. ஆகவே மருத்துவர் கட்டணத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் தவறு தெரியும்.

1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் நோயாளிகளின் குறைகளைக் கேட்பதற்கு ஏற்பாடு செய்திருத்தல் வேண்டும். முதலில் அங்கே எழுதலாம். பதில் நிறைவளிக்காவிடில் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவ நடைமுறைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுதலாம். மருத்துவச் சேவை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்காது. எனவே இதற்காகத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டி நாட்களை வீணாக்க வேண்டாம்.

காப்புறுதித் தகராறு

எல்லாவற்றிலும் நம் குடும்பங்களை அதிகமாகப் பாதிப்பது இதுவே. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் 40,000 ரிங்கிட்டுக்கு ஆயுள் காப்புறுதி எடுக்கிறார். ஐந்தாண்டுகள் தவறாமல் தவணை கட்டுகிறார். பின்னர் மாரடைப்பால் இறந்துவிடுகிறார். அவருடைய மனைவி பணம் கோரும்போது, “உம் கணவர் நீரிழிவு நோயை மறைத்துவிட்டார், பணம் தர இயலாது” என்று நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. இரு பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். தோட்டத்து வீட்டையும் காலி செய்தாக வேண்டும். அந்தக் கடிதத்தோடு எல்லாம் முடிந்ததென்று அவ்வம்மையார் எண்ணலாமா?

எண்ணலாகாது. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் இங்கே துணை நிற்கிறது. காப்புறுதி எடுக்கும் சாதாரணப் பயனீட்டாளரின் கடமை, நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தக்க கவனத்துடன் உண்மையாக விடையளிப்பதாகும். தவறான விடை தரப்பட்டிருந்தாலும், அது வேண்டுமென்றே கூறியதா, கவனக்குறைவால் நேர்ந்ததா, அறியாமல் நேர்ந்ததா என்று சட்டம் பிரித்துப் பார்க்கிறது. மேலும், ஆயுள் காப்புறுதி இரண்டாண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தால், மோசடியான மறைப்பு என்று காட்டினாலன்றி, தவறான தகவல் என்பதைக் காரணமாக்கி நிறுவனம் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது. எனவே அவ்வம்மையார் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பாரத்தில் அந்தக் கேள்வி உண்மையில் இருந்ததா? அப்போது கணவருக்கு அந்நோய் இருப்பது தெரியுமா? மோசடி என்பதற்கு நிறுவனத்திடம் உள்ள சான்று என்ன? விண்ணப்பப் பாரத்தின் நகலும், மருத்துவமனைக் குறிப்புகளில் நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட தேதியும் இங்கே பொன்னுக்கு நிகர்.

இத்தகைய தகராறுகளைத் தீர்ப்பதற்கு 1991ஆம் ஆண்டிலேயே காப்புறுதிச் சமரசப் பணியகம் ஏற்பட்டது. 2005இல் அதன் இடத்தில் நிதிச் சமரசப் பணியகம் செயல்படத் தொடங்கியது. 2016 அக்டோபரில் நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர் அமைப்பு அப்பணியை ஏற்றது. 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை என்ற பெயரில் இது இயங்கி வருகிறது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் எஃப்.எம்.ஓ.எஸ். என்பர். காப்புறுதியும் தக்காஃபுலும் இதன் கீழ் அடங்கும். இழப்பின் வரம்பு 250,000 ரிங்கிட். முறையீடு செய்பவருக்குக் கட்டணம் ஏதுமில்லை. “பணம் வாங்கித் தருகிறேன், பங்கு கொடுங்கள்” என்று வரும் இடைத்தரகரை நம்ப வேண்டிய தேவையும் இல்லை.

இங்கே கால வரம்பு மிக முக்கியம். முதலில் நிறுவனத்திடம் முறையிட வேண்டும். அதன் இறுதி முடிவுக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் குறைதீர்ப்புச் சேவையை அணுக வேண்டும். 60 நாட்களாகியும் நிறுவனம் பதில் தராவிட்டாலும் அணுகலாம். துக்கத்தில் மாதங்கள் ஓடிவிடுவது இயல்பு. ஆதலால் இறுதிக் கடிதம் வந்த அன்றே அதன்மேல் தேதியை எழுதிவைப்பது நலம்.

அங்கே முதலில் சமரசம் முயலப்படும். அது கைகூடாவிட்டால் குறைதீர்ப்பாளர் இரு தரப்பு ஆவணங்களையும் ஆராய்ந்து முடிவு கூறுவார். முறையிட்டவர் அம்முடிவை ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அவர் ஏற்காவிட்டால், நீதிமன்றம் செல்லும் உரிமை அவருக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் வழக்கு முதலிலேயே நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்டிருந்தால் இச்சேவை அதனைக் கையாளாது. தவணைக் கட்டணத்தின் விலையை உயர்த்தியது போன்ற நிறுவனத்தின் பொதுக் கொள்கை முடிவுகளையும் இது விசாரிப்பதில்லை.

சொக்சோ வேறு

தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோ, காப்புறுதி வணிக நிறுவனம் அன்று. வேலையிடத்து விபத்து, முடம், வாரிசு ஓய்வூதியம் ஆகியவற்றில் அதன் முடிவு நமக்கு ஒவ்வாவிட்டால், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்தை நாட வேண்டும். முடத்தின் அளவை நிர்ணயிக்கும் மருத்துவ வாரியத்தின் முடிவை எதிர்ப்பதற்கு மேல்முறையீட்டு மருத்துவ வாரியம் உண்டு. விபத்து நடந்ததும் அதனை முதலாளி பதிவு செய்தாரா என்று அன்றே உறுதி செய்துகொள்வது பின்னாளில் பெருந்துணையாகும்.

வருமுன் காப்போம்

தகராறைத் தீர்ப்பதைவிட வராமல் தடுப்பது மேல். நிரப்பப்படாத வெற்றுப் பாரத்தில் கையொப்பமிடலாகாது. முகவர் கேள்விகளைப் படித்துச் சொல்லும்போது, விடையை நாமே கூறி, அவர் எழுதியதைப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். மனைவி, பிள்ளைகளை நியமனதாரராகப் பதிந்து வைத்திருந்தால் குடும்பத்தினர் பணம் பெறுவது எளிதாகும். காப்புறுதிப் பத்திரம், தவணை ரசீது, அடையாளக் கார்டு நகல், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டிலுள்ளோர்க்குச் சொல்லி வைத்தல் அவசியம்.

உரிமை என்பது கேட்பவர்க்கே பயன் தருவது. காகிதத்தைப் பாதுகாத்தவரும், தேதியைக் குறித்தவரும், எழுத்தில் கேட்டவரும் எளியவராயினும் வலியவரோடு சமமாக நிற்கின்றனர். இந்தச் செய்தியை நம் அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வோம். வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தை அறியாமையால் இழக்காதிருப்போமாக.