தன்வரலாற்று நூலை மாணவர் கையில் சேர்ப்பது எப்படி?

"நல்ல புத்தகம், அவசியம் படியுங்கள்" என்று நாம் சொல்லும் நூலை மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை. தன்வரலாற்று நூலைப் பிறந்த ஊர், ஆண்டு, பெற்ற பட்டங்கள் என்று அறிமுகம் செய்தால், அது இன்னொரு நூலாசிரியர் குறிப்பாகவே அவர்கள் காதில் விழுகிறது. ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, சிக்கலான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மீதியைத் தேடி அவர்களே நூலுக்கு வருவார்கள்.

4, 5ஆம் வகுப்பு: டோட்டோ-சான்

ஜப்பானியரான டெட்சுகோ குரோயநாகி தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்த நூல். முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக உள்ள புதிய பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கொபயாஷி அவள் எதிரே அமர்ந்து, தோன்றியதையெல்லாம் சொல்லச் சொல்கிறார். எவ்வளவு நேரம் கேட்டிருப்பார்? இங்கே நிறுத்துங்கள். (ஏறத்தாழ நான்கு மணி நேரம்!)

6 முதல் 8ஆம் வகுப்பு: சத்திய சோதனை

ராஜ்கோட் பள்ளிக்கு ஆய்வாளர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொல்கிறார். 'கெட்டில்' என்ற சொல்லை மோகன்தாஸ் தவறாக எழுதிவிடுகிறார். பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்து எழுதும்படி ஆசிரியரே காலணி முனையால் சைகை செய்கிறார். காந்தி என்ன செய்தார்? இங்கே நிறுத்துங்கள். ஆசிரியரின் தவறை மறைத்துச் சொன்னால் இந்த நிகழ்ச்சியின் உயிரே போய்விடும்.

9 முதல் 12ஆம் வகுப்பு: என் சரித்திரம்

1880. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையர், முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்குகிறார். முதலியாருக்கு நிறைவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. இங்கே நிறுத்துங்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887இல், அந்தச் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர் அவரே.

வகுப்பறையில் செய்ய வேண்டியவை

- நாம் முழுமையாகப் படித்த நூலை மட்டுமே பரிந்துரைக்க வேண்டும். படிக்காததை மாணவர் உடனே கண்டுகொள்வர்.
- அறிமுகம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அன்றைக்கே நூல் மாணவர் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும்.
- படித்து முடித்தவரிடம் சுருக்கம் எழுதி வாங்காதீர்கள். அடுத்த வாரம் அவரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, தாம் விரும்பும் இடத்தில் நிறுத்தட்டும்.
- உயர் வகுப்புகளில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதே நிகழ்ச்சியை அங்கிருந்த வேறொருவர் எழுதியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார்? தன்வரலாறு ஒருவரின் நினைவு என்பது இதனால் புரியும்.

மூன்று நிகழ்ச்சிகளிலும் ஓர் ஆசிரியர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் பொறுமையாகக் கேட்டார். ஒருவர் பார்த்து எழுதத் தூண்டினார். ஒருவர் தமக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டு கற்கத் தொடங்கினார். இந்நூல்களை மாணவருக்குச் சொல்லுமுன் நாம் படிக்க வேண்டியதற்கு அதுவே போதிய காரணம்.