“உன்ட வாயில என்ன?”: பிள்ளைக்குத் துணை நிற்கும் வழிகள்

மட்டக்களப்பு காந்திப் பூங்கா. வாவிக் காற்றில் ஊஞ்சலாடும் பிள்ளையிடம் இன்னொரு பிள்ளை கேட்கிறது: “உன்ட வாயில என்ன?” உதட்டுப் பிளவோடு பிறந்த பிள்ளையின் தாய்க்கு நெஞ்சு பதறும். பெரும்பாலும் அது கேலி அல்ல, அறியும் ஆவல்தான்.

• பதிலை வீட்டிலேயே பழக்குங்கள்: “பிறக்கக்குள்ளயே இப்படி. டொக்டர் தைச்சவர். இப்ப நோகாது. வா, விளையாடுவம்.” சின்னப் பதில், உடனே விளையாட்டு.

• கேட்ட பிள்ளையை அதட்டாதீர்கள். அதட்டினால், தன் முகம் பேசக்கூடாத ஒன்று என்று உங்கள் பிள்ளை நினைத்துவிடும்.

• “கிரகணத்தில வெளிய போனதால வந்தது” என்று யாராவது சொன்னால் பணிவாய், உறுதியாய் மறுங்கள். மேலுதடு ஒன்றுசேர்வது கர்ப்பத்தின் 4 முதல் 7 வாரங்களுக்குள். அது சேராமல் போவதற்குக் கிரகணம் காரணமல்ல; தாயின் மேல் பழியும் இல்லை.

• போட்டோ எடுக்கும்போது தழும்பு தெரியாமல் முகத்தைத் திருப்பி நிறுத்தாதீர்கள். நேராகப் பார்த்துச் சிரிக்கட்டும். அந்தப் படத்தையே சுவரில் மாட்டுங்கள்.

• தரம் 1 தொடங்குமுன் வகுப்பு டீச்சரைச் சந்தித்து, பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பேசிவையுங்கள்.

• பட்டப்பெயரும் ஒதுக்கலும் தொடர்ந்தால் அது ஆவல் அல்ல, துன்புறுத்தல். நாளையும் சொன்ன சொல்லையும் எழுதிக்கொண்டு அதிபரிடம் போங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவி இலக்கம் 1929.

• இரவில் கேளுங்கள்: “இண்டைக்கு யாரோட விளையாடின?” மனக்காயம் இருந்தால் அந்தப் பதிலில் தெரியும்.