மேசைமேல் ஒரு பழைய ரைபிள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் முழுக்க அந்தப் பழைய ப்ர்னோ பாயிண்ட் டூ-டூ ரைபிள்தான். பெர்த்தில் சித்தப்பாவின் கிளப்பில் மேசை முன்னால் உட்கார்ந்து, மணல் பைமேல் துப்பாக்கியைக் கிடத்தி, 50 மீட்டர் தூரத்துக் காகிதத்தைச் சுட்டதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டிருக்கிறாய்: இந்த மாதிரி ஒன்றை வாங்கி இங்கே வீட்டில் வைத்துக்கொள்ள வழி உண்டா அண்ணே என்று. இல்லை. மற்றதைப் பேசுமுன் இதைப் பேசி முடித்துவிடுவோம்.

சிங்கப்பூரின் 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமில்லாமல் ஒரு துப்பாக்கியோ தோட்டாவோ கையில் இருந்தாலே குறைந்தது ஐந்து ஆண்டுச் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. பிறருக்குக் காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு யார்மேலும் படாவிட்டாலும் மரண தண்டனை. காற்றுத் துப்பாக்கிக்கும் இங்கே உரிமம் வேண்டும். வெளிநாட்டு இணையக் கடையில் பழைய குழல் மலிவாகக் கிடக்கிறது, விசைப்பொறி கிடக்கிறது என்று பொட்டலம் எதையும் வரவழைத்துவிடாதே. தேசிய சேவையில் ரேஞ்சைவிட்டு வெளியே வரும்போதெல்லாம், என்னிடம் தோட்டா இல்லை, காலி உறை இல்லை என்று உரக்கச் சொல்லியிருப்பாய். அந்த வழக்கத்தை உயிருள்ளவரை வைத்துக்கொள். பெர்த் ஞாபகார்த்தமாக ஒரு பித்தளை உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாங்கியில் வந்து இறங்குவது அசட்டுத்தனம்.

எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவிலிருந்து முஸ்தஃபா வரை அத்தனை கூட்டத்துக்குள் தோள் உரசி நடக்கிறோம். எதிரே வருகிறவன் இடுப்பில் என்ன இருக்கும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அதற்கு விலையாக என் வீட்டு அலமாரியில் ரைபிள் இல்லாமல் போனால் போகட்டும்.

உனக்கு உள்ள வழி கிளப்தான். சிங்கப்பூர்த் துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தோடு இணைந்த கிளப் ஒன்றில் உறுப்பினராகு. தேசியச் சுடுதல் நிலையம் பழைய சுவா சூ காங் சாலையில் இருக்கிறது. உன் வீட்டிலிருந்து தூரம்தான். துப்பாக்கி ஆயுதக் கிடங்கில் இருக்கும். கையெழுத்திட்டு எடுப்பாய், சுடுவாய், திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவாய். முதலில் உன் கையில் தருவது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியாகத்தான் இருக்கும். முகம் சுளிக்காதே. அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வாங்கினாரே, ஒன்று இந்தக் காற்றுத் துப்பாக்கியில். மற்றொன்று நீ மோகம் கொண்டிருக்கிற அதே பாயிண்ட் டூ-டூவில், 50 மீட்டரில் படுத்துச் சுட்டு. அதற்கு நான்கு ஆண்டு முன்னால் கிளாஸ்கோவில் ஜாஸ்மின் செர் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வாங்கியதும் பாயிண்ட் டூ-டூவில்தான். கடலூரில் பிறந்து ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவனும் காற்றுத் துப்பாக்கிக்காரர்தான். அந்த மெல்லிய ‘டப்’ சத்தத்தில் பழகாத விரலுக்குப் பழைய ரைபிளின் விசை பிடிபடாது.

இன்னொன்று. ராணுவத்தில் மார்க்ஸ்மன் பட்டை வாங்கியவன் நீ. அந்தப் பெருமையை இந்தப் பக்கம் கொண்டுவராதே. அங்கே கொடுக்கிற எஸ்.ஏ.ஆர். 21 ரைபிளில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்துவிடுகிறார்கள்; எதிரே இருப்பது விழுந்தால் போதும் என்கிற இலக்கு. எங்கள் காலத்து எம்16-க்கும் இலக்கு அப்படித்தான். அதன் குண்டு போகிற வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் பாயிண்ட் டூ-டூவின் வேகம். குண்டு குழலைவிட்டு வெளியேறவே கூடுதல் நேரம் எடுக்கும். விசை அழுத்தியதும் தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் ராணுவத் துப்பாக்கியில் தப்பித்துக்கொள்ளும், இதில் தப்பாது.

உன் ப்ர்னோ சுடுகிற தோட்டாவின் வம்சத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னப் பித்தளைக் குப்பி. அதன் அடி விளிம்புக்குள் வெடிமருந்துப் பூச்சு. ஊசி விளிம்பை நசுக்கியதும் தீப்பிடிக்கும். 1845 வாக்கில் பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் கூடத்துக்குள்ளே சுட்டு விளையாடுவதற்காகச் செய்த சின்னத் தோட்டாவில் தொடங்கியது இது. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் முதல் ரிவால்வருக்கு இதை வளர்த்தது. நாம் இன்றைக்கும் சுடுகிற லாங் ரைபிள் தோட்டாவை அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி 1887-இல் கொண்டுவந்தது. அதன் பிறகு எத்தனையோ தோட்டாக்கள் வந்து போய்விட்டன, இது மட்டும் அப்படியே நிற்கிறது. மலிவு, சத்தம் குறைவு, உதைப்பு இல்லை. போயர் போரில் தன் சிப்பாய்களுக்குக் குறி தெரியவில்லை என்று பிரிட்டன் பதறியபோது, 1901-இல் சிறு ரைபிள் கிளப்புகளுக்கென்று ஒரு சங்கமே அங்கே தொடங்கினார்கள். குமாஸ்தாவும் கடைப்பையனும் சாயங்காலத்தில் சுட்டுப் பழகட்டும் என்பது திட்டம். பி.எஸ்.ஏ. மார்ட்டினி போன்ற அழகான பழைய துப்பாக்கிகள் பல அந்த ஏற்பாட்டின் பிள்ளைகள்.

நம் பக்கத்திலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. சிங்கப்பூரின் தொண்டூழிய ரைபிள் படை 1854-இலேயே தொடங்கியது. பின்னாளில் தொண்டூழியர்கள் சுட்டுப் பழகிய தளங்களில் ஒன்று பாலஸ்டியரில் இருந்தது. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைத் தாண்டி நேராக நடந்தால் பாலஸ்டியர் சாலை முனை வந்துவிடும். இன்றைக்கு அங்கே பாக் குட் தே கடையும் விளக்குக் கடையும்தான். பழைய ரைபிள் என்றதும் வெண்கலச் செம்பைத் தடவுவதுபோல் கண் செருகிப் பேசுகிறவர்களை நீ கிளப்பில் சந்திப்பாய். அவர்களிடம் விவாதம் வேண்டாம். ஆனால் 1915-இல் இதே ஊரில் ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரியின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து தோற்றபோது, அவர்களில் 47 பேரை ஊட்ரம் சிறைக்கு வெளியே சுட்டுக் கொன்றதும் அந்தக் காலத்து அழகான ரைபிள்கள்தான் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி மேசை. நின்று சுடுகிறவனுக்கு உடம்பு ஆடும். படுத்துச் சுடுகிறவனுக்கு முழங்கையும் தோல்வாரும் துணை. மேசையில் துப்பாக்கியின் முன்பாதி ஒரு தாங்கியில், பின்பாதி மணல் பையில் கிடப்பதால், உடம்பைக் குறை சொல்ல முடியாமல் போகிறது. அப்போதுதான் மற்றதெல்லாம் கண்ணுக்குப் படும்: குழல், தோட்டா, காற்று, பிறகு உனக்கே தெரியாமல் நீ செய்கிற சில்லறைச் சேட்டைகள். ஒரு முறை கன்னத்தை அழுத்தி வைப்பாய், மறுமுறை லேசாக. ஒரு முறை தோளில் ஒட்டும், மறுமுறை இடைவெளி விழும். இலக்கில் இது ஒவ்வொன்றும் வேறு வேறு துளையாக வந்து உட்காரும். பழைய ரைபிளைப் படுத்துச் சுடுவதற்காகச் செய்தார்கள். அதன் முன்கட்டை இன்றைய மேசைத் துப்பாக்கிபோல் அகலமாக, தட்டையாக இருக்காது, பையில் உருளப் பார்க்கும். எந்த இடத்தில் தாங்கிமேல் வைத்தாயோ, ஒவ்வொரு குண்டுக்கும் அதே இடம். கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள். (பின்பைக்குள் மணலுக்குப் பதில் அரிசி போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நம் ஊர் ஈரத்தில் ஒரே மாதத்தில் அதற்குள் வண்டு குடியேறிவிடும்.)

துப்பாக்கியைப் பணியவைக்கப் போகிறேன் என்று உட்காராதே. அறுபது எழுபது வயதான இரும்பு அது. தனக்கு எது ஒத்துவரும் என்பது அதற்கு எப்போதோ முடிவாகிவிட்டது. அதைத் தெரிந்துகொள்வதுதான் மேசையில் உனக்கு வேலை, அந்த வேலையில் பெரும்பங்கு தோட்டாவைப் பற்றியது. பெயர், பெட்டி, விலை எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் தொகுதி எண் மாறினால் சுடுவதும் மாறும். பிர்மிங்ஹாமின் ஈலி டெனெக்ஸ் தோட்டாவின் ஒரு தொகுதியில் அற்புதமாகச் சுடும் ரைபிள், அடுத்த தொகுதியில் சோம்பும். அரை விலைத் தோட்டாவை அதே ரைபிள் ஆசையாக ஏற்றுக்கொள்ளும். விலையைக் கேட்டு முடிவு கட்டாதே, காகிதத்தைக் கேள். வெளிநாட்டில் இந்தப் பைத்தியம் முற்றியவர்கள் வீட்டில் உட்கார்ந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடைபோடுகிறார்கள், விளிம்பின் கனத்தை அளந்து தரம் பிரிக்கிறார்கள். சிராங்கூன் சாலை நகைக்கடைத் தராசுக்கு ஏற்ற வேலைதான், ஆனால் இங்கே தோட்டா வீட்டுக்கு வராது என்பதால் நீ அதில் சிக்காமல் தப்பித்தாய். நல்ல தொகுதி ஒன்று அமைந்தால் கிளப் மூலமாக முடிந்த அளவு சேர்த்து வாங்கச் சொல்லிவிடு, போதும்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. பாயிண்ட் டூ-டூ குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நொடியில் ஆறில் ஒரு பங்கு ஆகும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசுகிற காற்று, அதாவது கன்னத்தில் பட்டும் படாமலும் போகிற காற்று, அதற்குள் குண்டை ஐந்தாறு மில்லிமீட்டர் நகர்த்திவிடும். குண்டின் அகலமே 5.6 மில்லிமீட்டர். சர்வதேச இலக்கின் பத்து வளையத்துக்குக் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். உனக்குத் தெரியாத காற்று உன் பத்தை ஒன்பதாக்குவதற்கு இவ்வளவு போதும். சிங்கப்பூரில் பெரும்பாலான நாள் காற்று மந்தம்தான்; அதை நம்பிச் சோம்பிவிடாதே, மழை திரள்வதற்கு முன் அது திடீரென்று திசை மாறும். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் எப்படியும் சுடுவதை நிறுத்தச் சொல்வார்கள். அந்த நேரத்தில் குறிப்பேட்டை நிரப்பு.

குறிப்பேட்டில் முதலில் எழுத வேண்டியது, நீ பெருமையோடு படம் எடுத்து அனுப்பினாயே, பத்துக் காசு நாணயத்துக்குள் அடங்கிய ஐந்து துளை, அதைப் பற்றித்தான். அந்த இலக்கைச் சட்டம் போட்டு மாட்டாதே. எந்தச் சுமாரான ரைபிளும் எப்போதாவது ஐந்து குண்டை ஒன்றாகப் போடும். அன்றைக்கு நீ சுட்ட மற்றக் காகிதங்கள் எங்கே? அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ப்ர்னோ எப்படிச் சுடுகிறது என்பது தெரியும். உலக அளவிலான மேசைப் போட்டியில் ஒரு அட்டைக்கு 25 இலக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே குண்டு, மொத்தம் 250 புள்ளி. அதிர்ஷ்டம் இருபத்தைந்து தடவை வராது என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பராமரிப்பில் இரண்டு மூன்று விஷயம். குண்டில்லாமல் விசையைத் தட்டிப் பார்க்காதே. பாயிண்ட் டூ-டூவில் ஊசி நேராகக் குழலின் பின்வாய் விளிம்பில் போய் இடித்துப் பள்ளம் போடும். பழைய துப்பாக்கிகள் பல இப்படித்தான் கெட்டன. ஒவ்வொரு தடவையும் குழலைப் பளபளவென்று துடைக்கவும் வேண்டாம். ஈயக் குண்டின் மெழுகு உள்ளே ஒரு சீராகப் படிந்தால்தான் பல ரைபிள்கள் ஒழுங்காகச் சுடும், துடைத்ததும் முதல் சில குண்டுகள் அலையும். வெளிப்புற இரும்புக்கு மட்டும் இரக்கமே காட்டாதே. நம் கைவியர்வை ஒரு இரவிலேயே விரல்ரேகையைத் துருவாக அச்சடித்துவிடும். ஆகவே கிடங்கில் கொடுக்கும் முன் எண்ணெய்த் துணி. பழைய தொலைநோக்கி வாங்கும் ஆசை வந்தால் முதலில் விளக்கைக் காட்டி உள்ளே பார். சுங்கை ரோடு பழைய சந்தை 2017-இல் மூடுவதற்கு முன் அங்கே விற்ற கேமரா லென்ஸ்களுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கும். தொலைநோக்கிக் கண்ணாடிக்கும் இந்த ஊரில் அதே கதிதான். கட்டையின் பழைய மெருகைச் சுரண்டிப் புதுசாக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

டிசம்பரில் மறுபடி பெர்த் போகிறாய் என்று அம்மா சொன்னார். கோடையில் அங்கே மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பிவிடும், ஃப்ரீமேண்டில் டாக்டர் என்று அதற்குச் செல்லப்பெயர், காலையிலேயே போய்விடு. சித்தப்பாவிடம் சொல்லி ஒரே பெயர்த் தோட்டாவில் இரண்டு தொகுதி வாங்கு. மாற்றி மாற்றி, ஐந்தைந்து குண்டாகச் சுடு. தொலைநோக்கித் திருகை இடையில் தொடாதே, குறி தள்ளிப் போனாலும் போகட்டும். ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் தொகுதி எண், நேரம், காற்று எந்தப் பக்கம் என்று பென்சிலில் எழுது. எல்லாக் காகிதத்தையும் எனக்குக் கொண்டுவா. நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தால் தேக்காவில் உனக்கு டீ வாங்கித் தர மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்